வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் பயணம் போகலாமா?

கேள்வி: 14 வருட வேலையை விட்டுவிட்டு மனைவி, 7 வயது மகளோடு ஒரு வருடம் சுற்றலாம் என்று ஆசை. ராஜினாமாக் கடிதம் 3 வாரமாக டிராஃப்டிலேயே கிடக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, அதுதான் பெரிய பயம். அப்படிப் போனவர்கள் இருக்கிறீர்களா?

பதில் 1: போனோம். முதல் மாதமே 5 ஊர். ஒரு பேருந்து நிலையத்தில் மகன் பையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து "வரமாட்டேன்" என்றான். அப்புறம்தான் ஓரிடத்தில் ஒரு மாதம் என்று மாற்றினோம். பாஸ்போர்ட்டைப் பாருங்கள், பல நாடுகளில் 6 மாதமாவது செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும்.

பதில் 2: முதலில் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். நான் கேட்காமலே விட்டேன். பக்கத்து மேசைக்காரர் கேட்டார், கொடுத்துவிட்டார்கள்!

கேட்டவர்: நேற்று அம்மாவிடம் சொன்னேன். "என் மாத்திரையை யார் வாங்கித் தருவா?" என்று மட்டும் கேட்டார். கடிதம் இன்னும் டிராஃப்டில்தான்.