துறைமுகத்துக்கு வந்த பாய்மரக் கப்பல்களில் ஏறிப் பார்த்த அனுபவங்கள்

லண்டனிலிருந்து:

2022 ஆகஸ்டில் ‘கோதெபோர்க்’ என்னும் பாய்மரக் கப்பல் இங்கே கேனரி வார்ஃப் துறைக்கு வந்திருந்தபோது உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஆகையால் வரிசை, நுழைவுச்சீட்டு முதலியவற்றை விட்டுவிடுகிறேன். சீனத் தேயிலையும் பீங்கானும் ஏற்றிக்கொண்டு திரும்பி, 1745 செப்டம்பரில் சொந்தத் துறைமுகத்தின் வாயிலிலேயே பாறையில் மோதி மூழ்கிய ஸ்வீடன் வணிகக் கப்பலின் மறுபடைப்பு அது. கீழ்த்தளத்தில் இறங்கியதும் கீல் (தார்) வாசனை வந்தது. சிறுவயதில் எங்கள் ஊர் ஆற்றங்கரையில் படகுகளுக்குக் கீல் பூசும்போது எழுந்த அதே வாசனை என்பதால், பின்னால் ஆட்கள் காத்திருப்பதையும் மறந்து நின்றுவிட்டேன். அங்கே கயிறு சுற்றிக்கொண்டிருந்த மாலுமிப் பெண் ஒருவர், எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். பரங்கிப்பேட்டை என்றால் அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று எண்ணி, சென்னைக்குத் தெற்கே ஒரு சிறிய ஊர் என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஏறி வந்துவிட்டேன்.

அன்றிரவு அந்த வணிகக் கப்பலை ஓட்டிய கம்பெனியின் வரலாற்றைப் படித்தேன். 1731இல் தொடங்கிய ஸ்வீடன் கிழக்கிந்தியக் கம்பெனி தன் இரண்டாவது பயணத்துக்கு அனுப்பிய கப்பல், 1733இல் வந்து சேர்ந்த இடம் போர்ட்டோ நோவோ, அதாவது எங்கள் பரங்கிப்பேட்டை. அங்கே அவர்கள் அமைத்த பண்டகசாலையைச் சென்னையிலிருந்து ஆங்கிலேயரும் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரரும் படை அனுப்பிச் சூறையாடினார்கள். அதன் பிறகு அந்தக் கம்பெனியின் கப்பல்கள் பெரும்பாலும் சீனத்தை நோக்கியே சென்றன. அந்த மாலுமிப் பெண்ணிடம் ‘போர்ட்டோ நோவோ’ என்று ஒரு சொல் நான் சொல்லியிருக்கலாம். மறுநாள் அலுவலகம் முடிந்து ஓடினேன். பார்வை நேரம் முடிந்திருந்தது.

சிட்னியிலிருந்து:

லண்டன் நண்பரின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2003இல் நீரில் இறக்கிய கப்பலை வரலாற்றுக் கப்பல் என்ற கணக்கில் சேர்ப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இங்கே பிர்மான்ட் துறையில் நிற்கும் ‘ஜேம்ஸ் கிரெய்க்’ 1874இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் கட்டப்பட்டு, தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹார்ன் முனையை 23 முறை சுற்றிவந்த இரும்புக் கப்பல். கடைசியில் நிலக்கரி வைக்கும் மிதவையாகி, டாஸ்மேனியாவின் ரிஷேர்ஷ் விரிகுடாவில் கைவிடப்பட்டு, உடலில் ஓட்டையுடன் பல பத்தாண்டுகள் கிடந்தது. 1972இல் தன்னார்வலர்கள் அதை மீண்டும் மிதக்கவைத்தார்கள். மறுபடி பாய் விரித்து ஓட ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின.

நான் சரக்கறைக்குள் இறங்கியபோது, முதிய தன்னார்வலர் ஒருவர் விரல் முட்டியால் பக்கத்துத் தகட்டைத் தட்டி, “இது நாங்கள் போட்டது” என்றார். ஓரடி தள்ளித் தட்டி, “இது அவர்கள் போட்டது” என்றார். இரண்டாவது தகட்டில் கைவைத்தேன். மேடும் பள்ளமுமாக, அம்மைத் தழும்பு விழுந்த தோலைப் போலிருந்தது. எந்த மறுபடைப்பிலும் அதைத் தொட்டுப் பார்க்க இயலாது.

மும்பையிலிருந்து:

2024 நவம்பர் இறுதியில் இத்தாலியக் கடற்படையின் ‘அமெரிகோ வெஸ்புச்சி’ இங்கே வந்தபோது அப்பாவை அழைத்துச் சென்றேன். 1931இல் நீரில் இறக்கிய அந்தக் கப்பலின் கறுப்பு வெள்ளைப் பட்டைகளையும் பித்தளைப் பளபளப்பையும் எல்லாரும் படமெடுத்தார்கள். தூத்துக்குடித் தோணியில் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோன என் அப்பா, அண்ணாந்து பருமல்களை (பாய் கட்டும் குறுக்கு மரங்களை) ஒரு முறை எண்ணிவிட்டு, பிறகு கயிற்றுச் சுருள்களை மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்தார். ஒரு சுருளின் அருகில் நின்று, “இது எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது, இழுத்தால் முறுக்கு விழும்” என்று உரக்கச் சொன்னார். நான் கூசிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்துவிட்டேன். இறங்கும் பலகையிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, பயிற்சி மாணவன் ஒருவன் அதே சுருளை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டிருந்தான். அதை அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இனிப் போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். முன்பதிவு திறந்த அன்றே செய்துவிடுங்கள், அடையாள அட்டையை மறக்காதீர்கள். செருப்பு அணியாமல், அடிப்பகுதி வழுக்காத மூடிய காலணி அணியுங்கள். முதுகுப் பை இருந்தால் குறுகிய வழிகளில் எல்லாரையும் இடிப்பீர்கள். செங்குத்து ஏணியில் இறங்கும்போது முகம் ஏணியைப் பார்த்தே இருக்க வேண்டும். படிக்கட்டில் இறங்குவதுபோல் முன்நோக்கி இறங்கி ஒருவர் சறுக்கியதைக் கண்டேன். ஓதம் (கடல்நீர் மட்டம்) ஏறினால் கப்பலும் உயர்ந்து பலகை செங்குத்தாகிவிடும் என்பதால், முதியவர்களோடு போகிறவர்கள் அன்றைய ஓத நேரத்தைப் பார்த்துக்கொண்டு புறப்படுவது நல்லது. மாலுமிகளிடம் கப்பலின் வயதைக் கேட்காதீர்கள், அதை அவர்கள் நாளுக்கு நூறு முறை சொல்லிக் களைத்திருப்பார்கள். இன்று காலை நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று கேளுங்கள்.

மெல்பர்னிலிருந்து:

சிட்னி ஐயாவுக்கு ஒரு சொல். நீங்கள் குறிப்பிடும் கப்பலுக்கு அருகிலேயே, டார்லிங் துறைமுகத்தில், ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் ‘எண்டெவர்’ கப்பலின் மறுபடைப்பு நிற்கிறது. மூலக் கப்பல் 1778இல் அமெரிக்காவின் நியூபோர்ட் துறைமுகத்தில் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது. மறுபடைப்பு வேண்டாம் என்றால் அந்தக் கப்பலில் யாரும் எப்படி ஏறுவது?

இங்கிலாந்தின் விட்பியில் நிலக்கரி ஏற்றக் கட்டியது அந்த மூலக் கப்பல். 94 பேரை ஏற்றுவதற்காக அதனுள் கூடுதலாக ஒரு தளத்தைச் செருகியதால், சில இடங்களில் வளர்ந்தவர் நிமிர முடியாது. மறுபடைப்பில் நான் முழங்காலில் தவழ்ந்த இடத்தில் எட்டு வயது மகள் நிமிர்ந்து நடந்தாள். அக்காலக் கடற்படையில் ஒரு தொங்கு படுக்கைக்குக் கொடுத்த அகலம் 14 அங்குலம் என்று வழிகாட்டி கைகளை விரித்துக் காட்டியபோது, அவள் ஓடிப்போய் அந்த இடைவெளியில் நின்றாள். அவளுடைய தோள்கள் அதற்குள் அடங்கின. அடுத்து நான் போய் நின்றேன். வழிகாட்டி தன் கைகளை அகற்ற வேண்டியிருந்தது.