மில்லில் உரிமை மீறல்: நூலை வாங்கும் கம்பெனியைப் பொறுப்பேற்க வைப்பது எப்படி?

நூல்கண்டு (கேள்வி)

திண்டுக்கல் பக்கம் ஸ்பின்னிங் மில் விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் பெண்களுக்காக இயங்கும் சிறு அமைப்பின் சார்பில் கேட்கிறேன். ஒரு மில்லில் மூன்று புகார்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. 12 மணி நேர ஷிப்டு, அதில் கூடுதல் 4 மணிக்கு ஒற்றைக் கூலிதான். வார்டன் கையெழுத்து இல்லாமல் விடுதியை விட்டு வெளியே போக முடியாது, போனும் அவரிடமே இருக்கும். மூன்றாவது, சூப்பர்வைசரின் ஆபாசப் பேச்சு. மனு கொடுத்து, ஆய்வும் நடந்து, "பதிவேடுகள் சரியாக உள்ளன" என்று முடிந்துவிட்டது.

இந்த நூல் திருப்பூர் போய்த் துணியாகி வெளிநாட்டு பிராண்டுகளுக்குப் போகிறது. பிராண்டுக்கே நேரடியாக எழுதலாமா? எழுதினால் ஆர்டர் ரத்தாகி, இருக்கிற வேலையும் போய்விடுமோ என்று பெண்கள் பயப்படுகிறார்கள். "மனித உரிமைக் கொள்கை" என்று இணையதளத்தில் போட்டிருக்கிறார்களே, அதற்கு ஏதாவது மதிப்பு உண்டா?

தறிநாடா

எழுதலாம். ஆனால் எழுதுவது நான்காவது வேலை. முதல் மூன்றைச் செய்யாமல் போகும் கடிதம் பெரும்பாலும் மில் முதலாளி மேசைக்கே திரும்பி வரும், பிறகு "யார் சொன்னது" என்ற விசாரணைதான் நடக்கும்.

முதல் வேலை, பெண்களின் சம்மதம். பொதுவாக "எழுதட்டுமா" என்று கேட்டால் போதாது. எந்தத் தகவல் போகும், யார் படிப்பார்கள், மோசமாகப் போனால் என்ன நடக்கும் என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். ஒருவர் பின்வாங்கினால் அவர் தந்த தகவலையும் எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, ஆதாரம். 15 முதல் 20 பேரிடம் தொடர்ந்து 4 வாரம் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் குறித்து வாங்குங்கள். ஒரு சின்ன நோட்டு போதும். அதோடு சம்பளச் சீட்டு, வங்கியில் ஏறிய தொகை, பி.எஃப். பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் வையுங்கள். மில்லில் இரட்டைப் பதிவேடு இருந்தால் இங்கேதான் பிடிபடும். சீட்டில் 26 நாள், 8 மணி என்றிருக்கும், வங்கியில் அதற்கு மேல் தொகை ஏறியிருக்கும். அல்லது மிச்சத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுத்திருப்பார்கள்.

பாக்கித் தொகையையும் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். உதாரணத்துக்கு, 8 மணிக்கு 480 ரூபாய் என்றால் மணிக்கு 60. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு, அதாவது 120. தினமும் 4 மணி, 24 நாள் என்றால் 96 மணி. 11,520 கொடுக்க வேண்டிய இடத்தில் 5,760 மட்டும் கொடுத்தால், ஒருவருக்கு ஒரு மாதப் பாக்கி 5,760. 40 பேருக்கு 6 மாதம் என்றால் 13,82,400 ரூபாய். "கூலி ஏமாற்றப்படுகிறது" என்று பத்து வரி எழுதுவதைவிட இந்த ஒரு எண் வேலை செய்யும்.

மூன்றாவது, யார் வாங்குகிறார்கள் என்று உறுதி செய்வது. ஆடை ஆலை என்றால் சுலபம், தைக்கும் லேபிளே கையில் இருக்கும். அமெரிக்காவுக்குப் போகும் ஆடையில் ஆர்.என். என்று ஓர் எண் இருக்கலாம். அதை அந்த நாட்டு வர்த்தக ஆணையத்தின் இணையதளத்தில் தேடினால் கம்பெனி பெயர் வரும். நூற்பாலைக்குப் பாதை நீளம். நூல் சுற்றிய கோனில் ஒட்டும் ஸ்டிக்கரில் மில் பெயரும் லாட் எண்ணும் இருக்கும். லோடு எந்த நிட்டிங் கம்பெனிக்குப் போகிறது என்று தெரிந்தால், அங்கிருந்து எந்த ஏற்றுமதியாளர் என்று பிடிக்கலாம். ஓப்பன் சப்ளை ஹப் என்ற பொதுத் தளத்தில் ஆலையின் பெயரைப் போட்டால், எந்த பிராண்டு அதைத் தன் சப்ளையர் பட்டியலில் காட்டியிருக்கிறது என்பது தெரியும். ஆர்கானிக் பருத்தி நூல் என்றால் ஜி.ஓ.டி.எஸ். சான்று பெற்ற ஆலைகளின் பட்டியலும் பொதுவில்தான் இருக்கிறது. அந்தச் சான்றில் தொழிலாளர் நிபந்தனைகளும் உண்டு. ஆகவே சான்று கொடுத்த நிறுவனத்திடம் தனியாகப் புகார் செய்ய முடியும்.

கொள்கை அறிக்கையின் மதிப்பு பற்றிக் கேட்டீர்கள். ஐ.நா. மனித உரிமை மன்றம் 2011 ஜூனில் ஏற்ற வழிகாட்டு நெறிகள் 31. அரசு காக்க வேண்டும், நிறுவனம் மதிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும் என்பவை அதன் மூன்று தூண்கள். அது சட்டம் அல்ல. ஆனால் பெரிய பிராண்டுகள் பலவும் அதன்படி நடப்பதாக எழுத்தில் சொல்லியிருக்கின்றன. அவர்கள் வாக்கியத்தையே எடுத்து அவர்கள் முன் வைக்கலாம். 19-ஆம் நெறி முக்கியமானது. தீங்கைத் தானே செய்யாவிட்டாலும், தன் வியாபாரத் தொடர்பு வழியாக நடக்கும் தீங்கைத் தடுக்க நிறுவனம் தன் செல்வாக்கைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. "மில் எங்களுடையது அல்ல" என்ற பதில் அதற்கு முன் நிற்காது.

ஜெர்மன் கம்பெனி என்றால் இன்னும் வலுவான பிடி உண்டு. அங்கே 2023 முதல் விநியோகச் சங்கிலிச் சட்டம் இருக்கிறது. முதலில் குறைந்தது 3,000 பேரை வேலைக்கு வைத்த கம்பெனிகளுக்கு வந்தது, 2024 முதல் குறைந்தது 1,000 பேரை வைத்தவற்றுக்கும். வெளியாள் புகார் செய்யும் வழியை அந்தக் கம்பெனி வைத்திருந்தே ஆக வேண்டும்.

கணக்குப்பிள்ளை

ஏற்றுமதிக் கம்பெனியின் கம்ப்ளயன்ஸ் (சட்டமும் பிராண்டின் விதிகளும் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் பிரிவு) பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு அனுப்பாதீர்கள், அங்கேயே புதைந்துவிடும். சப்ளையர் பட்டியல் வெளியிடும் பக்கத்திலோ ஆண்டு அறிக்கையிலோ மனித உரிமைக் குழுவின் அல்லது புகார்ப் பிரிவின் முகவரி இருக்கும். அதற்கு அனுப்பி, கொள்முதல் தலைமைக்கு நகல் போடுங்கள். ஆர்டர் கொடுப்பவர்கள் கொள்முதல்காரர்கள்தான். அவர்களுக்குத் தெரியாமல் மனித உரிமைக் குழு மட்டும் பேசினால் மில் அசையாது.

கடிதம் இரண்டு பக்கத்துக்குள். ஆலையின் முழுப் பெயர், முகவரி, ஓப்பன் சப்ளை ஹப் எண். என்ன மீறல், எந்தக் காலம், ஏறத்தாழ எத்தனை பேர். எந்தச் சட்டம் மீறப்பட்டது, பிராண்டின் சொந்த நடத்தை விதியில் எந்தப் பிரிவு மீறப்பட்டது. கையில் என்ன வகை ஆதாரம் இருக்கிறது. என்ன பரிகாரம் வேண்டும், எதற்குள் வேண்டும். ரசீது தெரிவிக்க 7 நாள், எழுத்துப்பூர்வத் திருத்தத் திட்டத்துக்கு 30 நாள் என்று நாமே கேட்பது நியாயமான கெடு.

மூன்று வாக்கியங்களை விட்டுவிடவே கூடாது. "எங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் இந்தக் கடிதத்தை ஆலைக்கோ ஏற்றுமதியாளருக்கோ அனுப்பக் கூடாது." "தகவல் சொன்னவர்கள் மீது பழிவாங்கல் நடந்தால் அதற்கு பிராண்டும் பொறுப்பு." "ஆர்டரை நிறுத்த வேண்டாம். திருத்தத்தை ஆர்டரோடு சேர்த்துக் கட்டுங்கள்." பெண்கள் பயப்படுவது எதற்கோ, அதற்கு மூன்றாவது வாக்கியம்தான் பதில். சொல்லாமல் விட்டால் பிராண்டுக்கு எளிதான வழி விலகுவதுதான். விலகிவிட்டால் அதன் பெயர் தப்பும், பெண்களின் பாக்கி பாக்கியாகவே நிற்கும்.

அடையாளம் மறைப்பதில் பலர் கோட்டை விடுவது ஓரிடத்தில். பெயரை எடுத்துவிட்டு, "ரிங் பிரேம் 14, 7-ஆம் தேதி இரவு ஷிப்டு" என்று எழுதிவிடுவார்கள். அந்த ஷிப்டில் அந்த மெஷினில் நின்றது ஒரே ஒருவர்! நாள், மெஷின், துறை மூன்றும் ஒரே வாக்கியத்தில் சேரக் கூடாது. பல துறை, மூன்று மாதம் என்று விரித்து எழுதுங்கள். போட்டோவை அப்படியே இணைக்காதீர்கள், எடுத்த இடமும் நேரமும் கோப்புக்குள்ளேயே இருக்கும்.

மில்கேட்

மேலே சொன்னதில் ஒரு மாற்றம் வேண்டும். மூன்று புகாரையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள். கூலிக்கு ஆவணம் போதும். ஆபாசப் பேச்சுக்கு ஆவணம் கிடையாது. புகார் கொடுப்பவர் யார் என்று உடனே தெரிந்துவிடும்.

பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். முதலில் அந்தக் குழு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். உறுப்பினர் பெயர்ப் பலகையை ஒருவர் படித்து வந்தால் போதும். பெயர் பழையதாக இருக்கும், அல்லது வெளி உறுப்பினர் முதலாளிக்கு வேண்டியவராக இருப்பார். பிராண்டிடம் முதலில் கேட்க வேண்டியது குழுவைத் திருத்தி அமைக்கச் சொல்வதுதான். அதற்கு எந்தப் பெண்ணின் பெயரும் தேவையில்லை.

பிறகு ஒருவர் முன்வந்தால்: சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்துப் புகார், ஆறு பிரதி. காரணம் காட்டினால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை இடமாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ கேட்கும் உரிமை புகார் கொடுத்தவருக்கு உண்டு. இடமாற்றம் என்ற பெயரில் அவரையே கூலி குறைந்த துறைக்குத் தள்ளுவார்கள், அதைக் கவனியுங்கள். புகார் முதலாளி மீதே என்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும்.

விடுதியில் அடைப்பதையும் போனைப் பறிப்பதையும் "விடுதி ஒழுங்கு" என்று எழுதாதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வகுத்த கட்டாய உழைப்பின் 11 அறிகுறிகளில் நடமாட்டத் தடை, தனிமைப்படுத்தல், கூலியைப் பிடித்துவைத்தல், அளவுமீறிய கூடுதல் நேரம் எல்லாம் வருகின்றன. பிராண்டின் சட்டப் பிரிவு அந்தச் சொற்களைப் பார்த்தால் எழுந்து உட்காரும். ஏனென்றால் கட்டாய உழைப்பால் ஆன சரக்கை அமெரிக்கச் சுங்கம் துறைமுகத்திலேயே நிறுத்த முடியும்.

நூல்கண்டு

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். மில் தரப்பில் "எங்களிடம் ஆடிட் சான்றிதழ் இருக்கிறது" என்று காட்டுகிறார்கள். அதை எப்படி எதிர்கொள்வது? நூலில் ஒரு பகுதி உள்நாட்டு பிராண்டுக்கும் போகிறது, அங்கே என்ன பிடி இருக்கிறது?

கணக்குப்பிள்ளை

சான்றிதழ், ஆடிட்டர் வந்த அன்று என்ன கண்ணில் பட்டது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. கராச்சியில் 2012 செப்டம்பரில் தீப்பற்றி 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த அலி என்டர்பிரைசஸ் ஆலைக்கு, எஸ்.ஏ. 8000 என்ற தொழிலாளர் நலச் சான்று கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகள் பூட்டு.

சான்று பொய் என்று வாதாடுவதில் நேரம் போக்காமல், ஆடிட் நடந்த முறையைக் கேளுங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தார்களா? விடுதிக்குள் போனார்களா? பேட்டி எங்கே நடந்தது, ஆள் பொறுக்கியது யார்? ஒடியாவும் இந்தியும் பேசும் தொழிலாளிகளுக்கு மொழிபெயர்த்தது மில் எச்.ஆரா? பிறகு உங்கள் கோரிக்கையை வையுங்கள்: ஆலைக்கு வெளியே, வார விடுமுறையில், தொழிற்சங்கம் அல்லது இரு தரப்பும் ஏற்ற பெண்கள் அமைப்பு கூட இருக்க, குறைந்தது 25 பேரிடம் பேட்டி. அறிக்கையின் சுருக்கம் தமிழில் தொழிலாளிகளுக்கும் வர வேண்டும்.

உள்நாட்டு பிராண்டு பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியா என்று பாருங்கள். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் இருந்தால், 2022-23 நிதியாண்டு முதல், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கேட்கும் பொறுப்பு அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும். அதில் 5-ஆம் கோட்பாடு மனித உரிமை. யார் யாரிடமிருந்து எத்தனை புகார் வந்தது, எத்தனை நிலுவை என்ற அட்டவணையும் உண்டு, அதில் சப்ளையர் தரப்புக்கும் ஒரு வரி இருக்கிறது. "எங்கள் புகாரை அந்த வரியில் பதிவு செய்யுங்கள்" என்று கம்பெனிச் செயலருக்கு எழுதுங்கள். அறிக்கை வந்ததும் அங்கே பூஜ்யம் இருந்தால், அடுத்த கடிதத்துக்கு அதுவே ஆதாரம்.

தறிநாடா

திருத்தத் திட்டம் வந்தால் நிறுத்திவிடாதீர்கள். பிராண்டின் வாக்குறுதி எல்லாம் அதன் விருப்பத்தில் நிற்பது. அதிகாரி மாறினால் போச்சு. எழுத்தில், பிணைக்கும் ஒப்பந்தமாக வந்தால்தான் நிலைக்கும்.

உங்கள் மாவட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 2021 ஜனவரியில் ஒரு தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு எழுந்த போராட்டத்தில், 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் ஒரு பக்கம், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் என்ற ஆடை ஏற்றுமதிக் கம்பெனி மறுபக்கம். ஆசியா ஃப்ளோர் வேஜ் என்ற தொழிலாளர் கூட்டணியும் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றும் சேர்ந்தன. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டு நிறுவனங்கள் தனித்தனியாகப் பிணைந்தன. அதன் உள்கட்டமைப்பைப் பாருங்கள்: தளத்திலேயே கண்காணிக்கும் பெண்கள், பழிவாங்கலுக்குத் தடை, சாதிப் பாகுபாடும் பாலியல் தொல்லையோடு சேர்த்து மீறலாக எழுதப்பட்டது, சுயேச்சையான விசாரணையாளர். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டு ஆர்டரில் விளைவு காட்ட வேண்டும் என்ற ஷரத்துதான் அச்சாணி.

அதே ஆண்டு ஜூலை இறுதியில், ஒப்பந்தத்துக்கு உட்பட்ட ஈஸ்ட்மேன் ஆலையின் சரக்கை அமெரிக்கச் சுங்கம் தடுத்தது. செப்டம்பரிலேயே ஆணையைத் திருத்திச் சரக்கை அனுமதித்தது. ஒப்பந்தத்தின் கீழ் நடந்த திருத்தங்களைக் காட்ட முடிந்ததால்தான் அவ்வளவு சீக்கிரம் நடந்தது. தடை மட்டும் வந்து ஒப்பந்தம் இல்லாமலிருந்தால் நேரடியாக அடி வாங்குவது கூலிக்காரர்கள். சுங்கப் புகாரை முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள் என்பது அதனால்தான்.

சங்கம் இல்லாமல் இது நடக்காது என்பதையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். உங்கள் அமைப்பு கடிதம் எழுதலாம், ஒப்பந்தத்தில் தொழிலாளி சார்பாகக் கையெழுத்திட வேண்டியது அவர்களின் சங்கம்.

இன்னொன்று, விலை. கடைசி நிமிடத்தில் ஆர்டரை மாற்றி, கெடுவை மட்டும் மாற்றாத பிராண்டுதான் 12 மணி ஷிப்டைத் தூண்டுகிறது. நூல் விலை, டெலிவரி நாள் இரண்டையும் பேச்சில் கொண்டுவாருங்கள். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி கொடுக்க மில்லுக்குக் காசு எங்கிருந்து வரும் என்று பிராண்டும் பதில் சொல்ல வேண்டும்.

மில்கேட்

பிராண்டு பதிலே தராவிட்டால் அடுத்த கதவு, பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓ.ஈ.சி.டி. அமைப்பின் தேசியத் தொடர்பு மையம், அதாவது கம்பெனிகள் மீதான புகாரைக் கேட்கும் இடம். இந்தியா அதில் இல்லை, பிராண்டின் சொந்த நாட்டு மையத்தில் புகார் செய்ய வேண்டும். அங்கே தண்டனை கிடையாது, சமரசப் பேச்சும் பொது அறிக்கையும்தான். மாதக்கணக்கில் இழுக்கும்.

விநியோகச் சங்கிலியில் நடக்கும் மீறலுக்கு நிறுவனங்களைப் பொறுப்பாக்க ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த உத்தரவை நம்பிக் காத்திருக்காதீர்கள், 2025-இல் அதன் தொடக்கத்தை ஓராண்டு தள்ளிவைத்துவிட்டார்கள்.

கடிதத்தில் சட்டப் பிரிவு எழுதும்போது கவனம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் பிரிவு எண்ணை நகலெடுத்துப் போட்டால் மில் வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். மீறல் நடந்த தேதி அதற்கு முன்பா பின்பா என்று பிரித்து, இரண்டு பட்டியலாகப் போடுங்கள். இரட்டிப்புக் கூலி இரண்டிலும் உண்டு.