25 பிக்கோ போர்டு, 252 மெகாஹெர்ட்ஸ்: விற்கலாமா?

சால்டர்சாமி:
நண்பருடைய கிளினிக்குக்கு ஒரு டோக்கன் போர்டு செய்து கொடுத்தேன். ராஸ்பெர்ரி பை பிக்கோ (ஆர்பி2040 சிப் உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டு), ஒரு பழைய மானிட்டர், நர்ஸ் மேஜையில் இரண்டு பட்டன், அவ்வளவுதான். படம் பிக்கோவின் பின்களிலிருந்தே டிவிஐ (மானிட்டருக்கான டிஜிட்டல் வீடியோ) சிக்னலாகப் போகிறது. 640க்கு 480, விநாடிக்கு 60 பிரேம். அதற்குப் பிக்சல் கிளாக் 25.2 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு லேனிலும் (டேட்டா போகும் கம்பி ஜோடியிலும்) பிக்சலுக்கு 10 பிட் போக வேண்டும், ஆக 252. அதனால் சிப்பையே 252-இல் ஓட்டுகிறேன். ஆர்பி2040 வந்தபோது டேட்டாஷீட் (தயாரிப்பாளரின் விவரத் தாள்) சொன்ன உச்சம் 133. அதைத் தாண்டி ஓட்டுவதால் இது ஓவர்கிளாக். கோர் வோல்டேஜை 1.10-லிருந்து 1.20-க்கு ஏற்றியிருக்கிறேன்.

நாலு மாதமாக ஒரு தடவைகூட நிற்கவில்லை. இப்போது அவர் சொல்லி இன்னும் 25 கேட்கிறார்கள். பிக்கோக்களை வாங்கியும் வைத்துவிட்டேன். என் கூட்டாளிதான், "ஓவர்கிளாக் செய்ததைக் காசுக்கு விற்காதே" என்று முட்டுக்கட்டை போடுகிறார். என்ன சொல்கிறீர்கள்?

பழைய8051:
உங்கள் கூட்டாளி சொல்வதுதான் சரி. ஒன்று நாலு மாதம் ஓடியது என்றால் அந்த ஒன்று நல்ல சிப் என்றுதான் அர்த்தம். மீதி 25 எப்படி என்று அது சொல்லாது.

133 என்பது சும்மா எழுதிய எண் இல்லை. ஒரு பிளிப்-பிளாப்பிலிருந்து (ஒரு பிட்டைப் பிடித்து வைக்கும் சுற்று) கிளம்பிய சிக்னல், நடுவில் உள்ள லாஜிக் கேட்டுகளையெல்லாம் தாண்டி, அடுத்த கிளாக் விளிம்புக்கு முன் அடுத்த பிளிப்-பிளாப்பில் போய் நிற்க வேண்டும். 133-இல் அதற்கு 7.5 நானோசெகண்ட் இருக்கிறது. 252-இல் 4-க்கும் குறைவு. தயாரிப்பில் மந்தமாகப் போன சிப், குறைந்த வோல்டேஜ், 85 டிகிரி சூடு, இவை மூன்றும் ஒன்றாக வந்தாலும் எந்தப் பாதையும் தாமதமாகக் கூடாது என்று பார்த்துத்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள். ஏசி அறையில் உங்கள் மேஜை மேல் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

பிட்டுக்குபிட்டு:
சார், ஆர்பி2040-இல் 252-இல் டிவிஐ ஓட்டிக் காட்டியவர் லூக் ரென். அந்தச் சிப்பை வடிவமைத்தவர்களில் அவரும் ஒருவர். அவருக்குத் தெரியாத பாதையா நமக்குத் தெரியப்போகிறது?

இன்னொன்று. 2025-இல் அதே நிறுவனம், அதே சிப் 200 மெகாஹெர்ட்ஸில் ஓடலாம் என்று அதிகாரப்பூர்வமாகவே சொல்லிவிட்டது. 2021-இல் வாங்கி டப்பாவில் போட்ட என் பிக்கோவுக்கும் அது பொருந்தும். சிலிக்கான் மாறவில்லை, தாளில் எண்தான் மாறியது. அப்படியென்றால் முந்தின நாள் வரை 200-இல் ஓட்டியவன் குற்றவாளி, மறுநாள் யோக்கியனா?

பழைய8051:
எண் மாறியதைச் சொல்லிவிட்டு, கூடவே வந்த நிபந்தனையை விட்டுவிட்டீர்களே தம்பி. 200-க்குக் கோர் வோல்டேஜ் 1.15 இருக்க வேண்டும். ஆமாம், அதற்கு முந்தின நாள் ஓட்டியவனுக்கு அதிர்ஷ்டம், மறுநாள் ஓட்டியவனுக்கு உத்தரவாதம். இரண்டும் ஒன்றில்லை. அப்புறம், சாமி கேட்பது 252. வடிவமைத்தவரே செய்து காட்டினார் என்றால் அது வித்தை காட்டியது. 252-க்கு டேட்டாஷீட் இன்றுவரை கையெழுத்துப் போடவில்லை. வித்தை என்று பார்த்தால் ஆர்டுயினோவில் வரும் அட்மெகா328 சிப்புக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றி 65.3 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டியவரும் உண்டு. அதை யாரும் கிளினிக்கில் மாட்டவில்லை.

நின்றுபோனால் பரவாயில்லை, வாட்ச்டாக் (சிப் உறைந்தால் ரீசெட் செய்யும் டைமர்) எழுப்பிவிடும். நிற்காமல் தப்பாக ஓடினால்? டோக்கன் 47. ஒரே ஒரு பிட், 64 மதிப்புள்ள பிட், புரண்டால் 111. வாட்ச்டாக்குக்கு அதில் ஒரு புகாரும் இல்லை. வரிசையில் உட்கார்ந்திருக்கும் 48-ஆம் ஆளுக்குத்தான் புகார்.

பிட்டுக்குபிட்டு:
டோக்கனை மூன்று இடத்தில் எழுதி ஒப்பிட்டால் போச்சு. இதென்ன பேஸ்மேக்கரா?

லீனியர்_லதா:
இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வார்த்தை. இங்கே அட்மெகா328பி-யை 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலோடு (கிளாக் வேகத்தைத் தரும் பாகம்) 3.3 வோல்ட்டில் ஓட்டாதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.

அதன் டேட்டாஷீட்டில் ஒரு சின்ன வரைபடம் உண்டு. 2.7 வோல்ட்டில் 10 மெகாஹெர்ட்ஸ், 4.5 வோல்ட்டில் 20, நடுவில் ஒரு சாய்கோடு. அந்தக் கோட்டில் 3.3-க்குக் கிடைப்பது 13.3 மெகாஹெர்ட்ஸ். 16 வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 3.8 வோல்ட் வேண்டும். ஆக, சென்சாருக்குத் தோதாக 3.3-இல் 16 ஓட்டும் ஒவ்வொருவரும் ஓவர்கிளாக்தான் செய்கிறார்கள். தெரியாமல் செய்கிறார்கள், அதுதான் வித்தியாசம்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்கு இப்படித்தான் பேட்டரியில் ஓடும் லாகர் (அளவைப் பதிவு செய்யும் கருவி) செய்தோம். தகரப் பெட்டி, சித்திரை வெயில். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், பேட்டரி இறங்கிய பெட்டிகளில் மட்டும், ஈஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) இருந்த அளவீட்டுத் திருத்த எண் மாறிவிடும். தொட்டி காலியாக இருக்கும், திரை 80 சதவீதம் காட்டும். சாயந்திரம் நாங்கள் போய்ப் பார்த்தால் போர்டு சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கும். மூன்று வாரம் சென்சாரைத்தான் திட்டினோம். கடைசியில் கிரிஸ்டலைக் கழற்றி 8 மெகாஹெர்ட்ஸ் போட்டதும் தீர்ந்தது.

பழைய8051:
கணக்கு சரிதான் அம்மா. நான் செய்த ஒரு போர்டு இப்போது ஞாபகம் வருகிறது. அதை இங்கே பேச வேண்டாம்.

பிட்டுக்குபிட்டு:
😂 லதா அக்கா, அப்போ நீங்கள் என் கட்சிதானே? எல்லோரும் செய்கிறார்கள் என்றுதானே சொல்கிறீர்கள்?

லீனியர்_லதா:
இல்லை. எங்கே மீறுகிறோம், எவ்வளவு மீறுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். சிப்புக்குள் கோர் மட்டும் இல்லையே. எஸ்டிஎம்32எஃப்103 என்ற இன்னொரு சிப்பை 72-லிருந்து 128-க்கு ஏற்றினால் கோர் சந்தோஷமாக ஓடும். ஆனால் யுஎஸ்பி-க்கு வேண்டிய 48 எந்த வகுத்தலிலும் வராது. ஏடிசி-க்கு (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) 14 உச்சவரம்பு, வழக்கமான அமைப்பில் எட்டால் வகுத்தாலும் 16 வந்து நிற்கும்.

பிக்கோவில் யுஎஸ்பி-க்குத் தனி பிஎல்எல் (கிளாக்கை உருவாக்கும் சுற்று) இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. அங்கே பார்க்க வேண்டியது புரோகிராம் இருக்கும் பிளாஷ் மெமரி. சாதாரண அமைப்பில் அதற்குப் போவது கோர் கிளாக்கில் பாதி. 252 என்றால் 126, பிளாஷ் சிப்பின் உச்சம் 133. தப்பித்தீர்கள். 270-க்கு ஏற்றியிருந்தால் கோர் தாங்கியிருக்கும், பிளாஷ் வரம்பைத் தாண்டியிருக்கும். சாமி, இதைப் பார்த்துத்தான் 252 வைத்தீர்களா, தற்செயலா?

சால்டர்சாமி:
உண்மையைச் சொன்னால் தற்செயல். மானிட்டர் கேட்டது 252, வைத்தேன்.

லதா மேடம் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி ஒரு சோதனை செய்தேன். 25 போர்டையும் ஒவ்வொன்றாக 252-இலேயே வைத்து, வோல்டேஜை மட்டும் 1.20-லிருந்து 1.10-க்கு இறக்கி, வீட்டு ஹேர் டிரையரை மேலே பிடித்தேன். (மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.) 23 தாங்கின. இரண்டில் படம் கிழிந்து, பச்சைக் கோடுகள் வந்து, நின்றுவிட்டன. 1.20-க்கு ஏற்றினால் அந்த இரண்டும் சாதுவாக ஓடுகின்றன.

பிட்டுக்குபிட்டு:
பாருங்கள், 1.20-இல் 25-க்கு 25!

பழைய8051:
நான் பார்ப்பது அந்த இரண்டை. கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கிற 25-இல் எது மந்தம் என்று சாமிக்கு நேற்று வரை தெரியாது. அடுத்த லாட்டில் எத்தனை? ஒவ்வொரு ஆர்டருக்கும் ஹேர் டிரையர் பிடிப்பீர்களா?

லீனியர்_லதா:
விற்பதாக இருந்தால் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த வேலைக்கு ஓவர்கிளாக்கே தேவையில்லை சாமி. பிக்கோ 2-இல் இருக்கும் ஆர்பி2350-இல் எச்எஸ்டிஎக்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. கிளாக்கின் ஏறும் விளிம்பில் ஒரு பிட், இறங்கும் விளிம்பில் ஒரு பிட் அனுப்பும். 252 மெகாபிட்டுக்கு 126 மெகாஹெர்ட்ஸ் போதும், அந்தச் சிப்புக்கு அனுமதியோ 150. அறிவித்த விலை 5 டாலர், பழையதைவிட ஒரு டாலர்தான் கூட. இரண்டு விஷயம் கவனம்: எச்எஸ்டிஎக்ஸ் 12 முதல் 19 வரையிலான ஜிபிஐஓ பின்களில் மட்டும்தான் வரும். அப்புறம் பட்டன்களைப் புல்-அப்பில் (அழுத்தாதபோது பின்னை மேல் வோல்டேஜில் பிடிக்கும் ரெசிஸ்டர்) வையுங்கள், முதலில் வந்த ஆர்பி2350-களில் கீழே இழுக்கும் உள் புல்-டவுன் சொதப்பும்.

பிட்டுக்குபிட்டு:
அதில் என்ன கிக் இருக்கிறது?

சால்டர்சாமி:
கிக் வேண்டாம் ப்ரோ, ராத்திரி போன் வராமல் இருந்தால் போதும். ஆர்டருக்கு பிக்கோ 2 வாங்குகிறேன், ஒயரிங்கைத்தான் மாற்றிச் சால்டர் செய்ய வேண்டும். இந்த 25-ஐ 125-இலேயே ஓடுகிற வேலை எதற்காவது வைத்துக்கொள்கிறேன்.

பழைய8051:
நல்ல முடிவு. அந்த முதல் கிளினிக்கில் இருப்பது?

சால்டர்சாமி:
அது 252-இல் ஓடிக்கொண்டிருக்கிறது சார். இன்று காலைகூட 63 வரை டோக்கன் போனதாம். அதைப் போய்த் தொட எனக்குத் தைரியம் இல்லை.