ட்ரூப்பில் கீபோர்டு, வீட்டில் எலெக்ட்ரானிக்: இரண்டையும் எப்படி ஓட்டுகிறீர்கள்?

கீபோர்டு_திருச்சி:

வணக்கம். திருச்சிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். ரிசப்ஷன், கோயில் திருவிழா, காலேஜ் விழா, எது வந்தாலும் போவோம். இது போக லேப்டாப்பில் தனியாக எலெக்ட்ரானிக் ட்ராக் பண்ணுகிறேன். பாட்டு, வரி எதுவும் கிடையாது. மெதுவான பீட், அதன் மேல் பஸ் ஸ்டாண்டு சத்தம், பாத்திரக்கடைச் சத்தம் என்று நானே பதிந்ததை நறுக்கி அடுக்குகிற வேலை. நிறையத் துண்டுகள் சேர்ந்துவிட்டன, முழுசாக முடிந்தது ஒன்றுகூட இல்லை.

ராத்திரி பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தியாக வேண்டும் என்றாலும் செட்டைக் கழற்றி வேனில் ஏற்றி வீடு வர ஒரு மணி ஆகிவிடுகிறது. அப்புறம் உட்கார்ந்தால் கை தானாக அன்றைக்கு வாசித்த பாட்டின் இன்டர்லூடுக்குத்தான் போகிறது. இதில் ட்ரூப் ஓனர் வேறு, "என்னப்பா, தனியாப் போகப் போறியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். போகிற எண்ணமே இல்லை, வீட்டு வாடகையே ட்ரூப் காசில்தான் போகிறது. இப்படி இரண்டையும் வைத்திருப்பவர்கள் நேரத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள்? ஓனருக்கு என்ன பதில் சொல்வது?

ரிதம்பேட்:

நானும் ட்ரூப்தான். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கு என்று யாராவது டைம்டேபிள் போட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள், அதெல்லாம் ஆபீஸ் போகிறவர்களுக்கு. நமக்குக் காலண்டர் என்றால் முகூர்த்த நாள்தான். ஆடியில் கல்யாணம் இல்லையே, சும்மாதானே இருப்பீர்கள் என்று வெளியாட்கள் கேட்பார்கள். அம்மன் கோயில் கூழ் ஊற்றுகிற மாதத்தில் நாம் சட்டை மாற்றவே நேரம் இருக்காது என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது! டிசம்பர் 31 ராத்திரியைக் கழித்துவிட்டால் கை காலியாக இருப்பது மார்கழியில்தான்.

அதனால் முடிக்கிற வேலையை, அதாவது அரேஞ்ச்மென்ட், மிக்ஸிங் எல்லாவற்றையும் மார்கழிக்குத் தள்ளுங்கள். சீசனில் சேர்க்கிற வேலை மட்டும். சத்தத்தைப் பதிந்த உடனே ஊர், இடம் போட்டு ஃபோல்டரில் வைத்துவிடுங்கள், 'புதிய பதிவு 47' என்று கிடந்தால் ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்க்கவே மனசு வராது.

மிக்ஸ்மேசை:

மேலே சொன்னது சரி, கூடவே காது விஷயத்தையும் பாருங்கள். மேடையில் மானிட்டர், அதாவது நமக்கே கேட்க வைக்கிற ஸ்பீக்கர், பக்கத்தில் மணிக்கணக்கில் நின்றுவிட்டு வந்தால் மேல் ஃப்ரீக்வென்ஸி கொஞ்ச நேரத்துக்கு மந்தமாகத்தான் கேட்கும். அந்தக் காதோடு மிக்ஸ் பண்ணினால் ஹை-ஹேட் என்கிற ஜால்ராச் சத்தத்தையும் 'ஸ்ஸ்' என்கிற ஹிஸ்ஸையும் ஏற்றிக்கொண்டே போவீர்கள், மறுநாள் காலையில் கேட்டால் பல் கூசும். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் என்றால் கூடுகிற ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும், 100-க்கு வரும்போது 15 நிமிஷம்தான். நம் ஊர் ரிசப்ஷன் ஹாலில் ஸ்பீக்கர் முன்னால் நின்றவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மேடையில் இயர்ப்ளக் போடுங்கள். கச்சேரி முடிந்த ராத்திரி வேண்டுமானால் துண்டு நறுக்குங்கள், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரைத் தொடாதீர்கள்.

பி-சைடு:

ஓனர் கேட்ட கேள்வி புதுசு இல்லை. ரேடியோஹெட் என்ற இங்கிலாந்து ராக் பேண்டின் பாடகர் தாம் யார்க் 2006-இல் லேப்டாப் பீட் வைத்துத் தன் முதல் தனி ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது அவரிடமும் அதே கேள்விதான் வந்திருக்கும். பேண்ட் உடையவில்லை, அவர்களுக்கும் தெரிந்துதான் செய்கிறேன், 'சோலோ' என்ற வார்த்தையே வேண்டாம் என்று அவரே முன்கூட்டி எழுதிவிட்டார். அந்தக் கோடையில் பேண்டோடு டூரிலும் இருந்தார், 2007 அக்டோபரில் பேண்டின் அடுத்த ஆல்பமும் வந்துவிட்டது. தனி ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் வரும் பியானோவே அதே பேண்டின் ஜானி கிரீன்வுட் வாசித்ததை வெட்டி ஒட்டியதுதான்.

தி எக்ஸ்எக்ஸ் என்ற இன்னொரு இங்கிலாந்து பேண்டின் ஜேமி எக்ஸ்எக்ஸ் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 2015-இல் வந்த தனி ஆல்பத்தில் பேண்டின் மற்ற இருவரையும் பாட வைத்தார். அதில் பழகிய சாம்பிள் வேலை, அதாவது பதிந்த சத்தத்தை நறுக்கிச் சேர்ப்பது, 2017-இல் வந்த பேண்ட் ஆல்பத்துக்குள்ளும் வந்தது, முதல் இரண்டு ஆல்பத்தில் இருந்த ஒடுக்கமான சத்தம் திறந்துகொண்டது. தனியாகச் செய்வது பேண்டிலிருந்து திருடுகிற நேரம் இல்லை என்று ஓனருக்குக் காட்ட வேண்டும். உங்கள் ட்ரூப்புக்கே ஒரு ஓப்பனிங் ட்ராக் செய்து கொடுங்களேன்.

வேன்_சீட்:

பி-சைடு அண்ணன் சொன்னது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது பேண்டுக்குப் பொருந்தும், ட்ரூப்புக்குப் பொருந்தாது. அங்கே எல்லாரும் பங்காளிகள், பள்ளிக்கூட சிநேகிதர்கள். இங்கே செட் ஓனருடையது, அட்வான்ஸ் வாங்குகிறவர் அவர், நாம் அன்றன்றைக்குச் சம்பளத்துக்கு வாசிக்கிறவர்கள். உங்கள் ட்ராக் எப்படி இருக்கிறது என்பது அவருக்குக் கவலையே இல்லை. வைகாசியில் ஒரே நாளில் மூன்று ப்ரோக்ராம் புக் ஆகும்போது "அன்னைக்கு எனக்கு ரெக்கார்டிங் இருக்கு" என்று சொல்லிவிடுவீர்களோ என்பதுதான் பயம். முகூர்த்த நாளில் வேறு வேலை ஒத்துக்கொள்ள மாட்டேன், வர முடியாமல் போனால் பாட்டுத் தெரிந்த ஆளை நானே அனுப்புவேன், இந்த இரண்டையும் தனியாகப் பார்த்து நேராகச் சொல்லுங்கள். அதுக்கு மேல் விளக்கம் வேண்டாம். ஓப்பனிங் ட்ராக்கைச் சும்மா செய்து கொடுக்காதீர்கள், சீக்வென்ஸ், அதாவது மேடையில் ஓட விடுகிற முன்பதிவு இசை, போடுவதற்கு வெளியே காசு கொடுக்கிறார்கள் இல்லையா, அதே காசைக் கேளுங்கள்.

கீபோர்டு_திருச்சி:

எல்லாருக்கும் நன்றி. வேன்_சீட் சொன்னதுபோல் நாளைக்கே பேசுகிறேன். இயர்ப்ளக் இதுவரை யோசித்ததே இல்லை. ஒரே ஒரு சந்தேகம்: சில ட்ராக்கில் ராயல்டி இல்லாத லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடுகிற ரெடிமேட் இசைத்துண்டு, போட்டிருக்கிறேன், ஒன்றில் ஒரு கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் வாசித்ததைப் போனில் பதிந்து நறுக்கியிருக்கிறேன். வெளியிட்டால் பிரச்சினை வருமா?

மிக்ஸ்மேசை:

லூப்பால் பிரச்சினை இல்லை, லைசென்ஸை மட்டும் ஒருதரம் படியுங்கள். ஒரே சத்தம் வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோருகிற யூடியூப் கன்டென்ட் ஐடியில் மட்டும் அந்த ட்ராக்கைச் சேர்க்காதீர்கள். அதே லூப்பை வேறு ஆயிரம் பேர் போட்டிருப்பார்கள், எல்லார் மேலும் க்ளெய்ம் போய் விழும், உங்கள் ட்ராக்கை ஆன்லைனில் ஏற்றிக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரே உங்களை நிறுத்திவிடுவார்.

நாதஸ்வரம் அப்படி இல்லை. வாசித்தவருக்கு அதில் கலைஞர் உரிமை இருக்கிறது, நம் சட்டப்படி 50 வருஷம். நேரில் போய்க் கேளுங்கள், ஒத்துக்கொண்டால் ஒரு தாளில் எழுதி வாங்கிவிட்டுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள், ட்ராக்கில் அவர் பெயரும் இருக்கட்டும். அவர் வாசித்தது ஏதாவது சினிமாப் பாட்டா, கீர்த்தனையா என்பதையும் பாருங்கள். சினிமாப் பாட்டென்றால் அது தனி உரிமை, அந்தத் துண்டைத் தூக்கிவிட்டு அவரையே வேறு ஏதாவது ஆலாபனை வாசிக்கச் சொல்லிப் பதிந்துகொள்வது லேசு.