டி செல் ஏற்பிகளும் முதுகெலும்பு மூட்டழற்சியும்: நோய்ச் செல்களை மட்டும் நீக்க முடியாதா?

சாட்ஸ்வொர்த் ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். டர்பனில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். என் தம்பிக்கு அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் எனப்படும் முதுகெலும்பு மூட்டழற்சி இருக்கிறது. காலையில் இடுப்பும் முதுகும் விறைத்துப்போய்விடுவதால், வெந்நீரில் வெகுநேரம் நின்ற பிறகுதான் அவனால் குனிந்து காலுறை போட்டுக்கொள்ள முடிகிறது. மாத்திரைகள் போதிய பலன் தராததால், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசியைத் தொடங்கலாம் என்றும், அதற்கு முன் உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக் கிடக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்றும் மருத்துவர் கூறியிருக்கிறார்.

உடலையே தாக்கும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்களை, அவற்றின் மேற்பரப்பில் இலக்கை அடையாளம் காணும் ஏற்பியைக் கொண்டு இனங்காணலாம் என்று படித்தேன். அப்படியானால் அந்தச் செல்களை மட்டும் நீக்கிவிட்டு, மற்ற எதிர்ப்பாற்றலைத் தொடாமல் விடுவதற்கு எது தடையாக இருக்கிறது?

டர்பன் ஆய்வு மாணவன்

வணக்கம் அக்கா. ஒவ்வொரு டி செல்லும் மரபணுத் துண்டுகளைக் கலைத்துச் சேர்த்துத் தனக்கென ஓர் ஏற்பியை உருவாக்கிக்கொள்கிறது. அதனால் ஒரே நோயுள்ள இரண்டு பேரிடம் அச்சு அசலாக ஒரே ஏற்பி கிடைப்பது அரிது. மேலும், ஏற்பி ஒரு புரதத்தை முழுமையாகப் பார்ப்பதில்லை. செல்களின் மேற்பரப்பில் உள்ள எச்எல்ஏ என்ற மூலக்கூறு ஏந்திக் காட்டும், பெப்டைடு எனப்படும் சிறு புரதத் துண்டைத்தான் பார்க்கிறது. ஆகவே ஏற்பியின் வரிசையைப் படித்துவிட்டால் மட்டும் அது எதைத் தாக்குகிறது என்று தெரிந்துவிடாது.

இந்த நோய்க்கும் எச்எல்ஏ-பி27 வகைக்கும் உள்ள தொடர்பு 1973-லேயே தெரியவந்தது. ஆனால் பி27 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதே இல்லை. அது எந்தப் பெப்டைடை எந்த டி செல்லுக்குக் காட்டுகிறது என்பது ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் விடுபடாத புதிராகவே இருந்தது. 2022-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வில், நோயாளிகளின் மூட்டு நீரிலிருந்தும் அழற்சியுற்ற கண்ணிலிருந்தும் எடுத்த டி செல்களில், ஏற்பியின் இரு சங்கிலிகளில் ஒன்றான பீட்டா சங்கிலியில் டிஆர்பிவி9 என்ற துண்டைக் கொண்ட, ஒன்றையொன்று ஒத்த ஏற்பிகள் காணப்பட்டன. ஈஸ்ட் செல்களின் மேற்பரப்பில் ஏராளமான பெப்டைடுகளை அமைத்துச் சோதித்தபோது, அதே ஏற்பிகள் பாக்டீரியப் பெப்டைடுகளையும் மனித உடலின் சொந்தப் பெப்டைடுகளையும் அடையாளம் கண்டன. கிருமியே நோயைத் தொடக்கிவைக்கிறது என்பதற்கு இது முழுச் சான்றாகாது. ஆயினும் ஏற்பி, எச்எல்ஏ, பெப்டைடு ஆகிய மூன்றையும் ஒருசேரப் பிடித்துக் காட்டியது என்பதால் இதை மிகப் பெரிய முன்னேற்றமாகவே கருதுகிறேன்.

கேப் டவுன் வாதநோய் மருத்துவர்

நீங்கள் கேட்ட வகையிலான மருந்து ஒன்று ஏற்கெனவே உள்ளது. டிஆர்பிவி9 துண்டைத் தாங்கிய டி செல்களை அழிக்கும் செனிப்ருடக் என்ற எதிர்ப்பொருளுக்கு ரஷ்யா 2024-இல் அனுமதி வழங்கியது. அது நீக்குவது நோய்ச் செல்களை மட்டுமல்ல, அந்தத் துண்டைக் கொண்ட குடும்பம் முழுவதையும் என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும் அந்தக் குடும்பம் மொத்த டி செல்களில் ஒரு சிறு பகுதிதான்.

நம் நாட்டில், டிஎன்எஃபைத் தடுக்காத இத்தகைய மருந்தின் அருமை வேறு. காசநோய்க் கிருமியைச் சுற்றி உடல் எழுப்பும் செல் அரண் குலையாமல் இருக்க டிஎன்எஃப் தேவைப்படுகிறது. அதைத் தடுத்தால் உறங்கிய கிருமி விழித்துக்கொள்ளக்கூடும். காசநோய் இவ்வளவு பரவியுள்ள தென் ஆப்பிரிக்காவில் அந்த முன்பரிசோதனை வெறும் சம்பிரதாயம் அன்று. அதற்காக, புதிய மருந்து வரட்டும் என்று தம்பியின் சிகிச்சையைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள், அம்மா. ஒட்டிப்போன முள்ளெலும்புகளை மருந்தால் பிரிக்க முடியாது. மறைநிலைத் தொற்று இருந்தால் முதலில் தடுப்பு மருந்தைத் தொடங்குவார்கள். அழற்சியைத் தூண்டும் இன்னொரு புரதமான ஐஎல்-17-ஐத் தடுக்கும், காசநோய் அபாயம் குறைவான ஊசி பொருந்துமா என்றும் அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தரவியலாளர்

ஆளுக்கு ஆள் வேறுபடும் ஏற்பிகளை, ஒரே இலக்கை நோக்கும் குழுக்களாகப் பிரிக்கும் கிளிஃப் என்ற கணினி முறை 2017-இல் வெளியானது. அதைச் சோதித்துப் பார்க்க உதவியது, மறைநிலைக் காசநோய்த் தொற்றுடைய 22 பேரிடமிருந்து பெற்ற 5,711 பீட்டா வரிசைகள். அவர்கள் தென் ஆப்பிரிக்க இளையோர். அத்தகைய முறைகள் இன்று தன்னுடல் தாக்குநோய் ஆய்வுக்கும் பயன்படுகின்றன. என் கவலை ஒன்றுதான்: ஆப்பிரிக்கக் கறுப்பின மக்களிடம் பி27 மிக அரிது. பி27 உள்ளவர்களிடம் கண்டறிந்த ஏற்பிகளை மட்டுமே குறிவைத்தால், நம் நாட்டு நோயாளிகளில் பலர் விடுபட்டுப்போவார்கள். அவர்களுடைய மூட்டு நீரையும் ஆராய்ந்தாக வேண்டும்.

சாட்ஸ்வொர்த் ஆசிரியை

அனைவருக்கும் மிக்க நன்றி. தம்பிக்குப் பி27 இருப்பது உறுதியாகியுள்ளது. காசநோய்ப் பரிசோதனைக்கு இந்த வாரமே அழைத்துச் செல்கிறேன். ஓர் ஐயம் மட்டும்: அழிக்கப்பட்ட டிஆர்பிவி9 செல்கள் மீண்டும் தோன்றாதா?

டர்பன் ஆய்வு மாணவன்

தோன்றும், அக்கா. மருந்து முதிர்ந்த டி செல்களைத்தான் அழிக்கிறது. எலும்பு மச்சையில் உள்ள மூலச் செல்களில் அந்த ஏற்பி இல்லை. டி செல்கள் முதிர்ச்சியடையும் தைமஸ் சுரப்பி வயதோடு சுருங்கினாலும் புதிய டி செல்களைச் சிறிதளவேனும் உருவாக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அந்த மருந்தை ஒருமுறையோடு நிறுத்தாமல், இடைவெளி விட்டுத் திரும்பவும் செலுத்துகிறார்கள்.