சுவிஸ் பள்ளிக்கூடத்தில் சமயப் பாடம்: மட்டக்களப்பு, அம்பாறையில் இருந்து புதிதாகப் போனவர்களுக்கு

ஊரில் இருந்து பிள்ளைகளோடு சுவிஸ் போய்ச் சேர்ந்தவர்கள் ஜெர்மனைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் கேட்பதைவிட இந்த ஒரு பாடத்தைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். “சமயம் என்று நேரசூசியில் இருக்கிறதே, கிறிஸ்தவ வேதப் பாடமா? பிள்ளையை அதில் இருந்து எடுக்கலாமா?” நான் மட்டக்களப்பில் சைவநெறி படிப்பித்தவள். பிறகு பேர்ண் கன்டோனில் (கன்டோன் என்றால் அங்கே மாநிலம்) பெற்றோர் சந்திப்புகளுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போய் வந்தேன். இப்போது கல்லடியில் வீட்டோடு இருக்கிறேன். இரண்டு பக்கத்தையும் பார்த்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜெர்மன் பேசும் பகுதிகளுக்கென்று 21 கன்டோன்கள் சேர்ந்து ஆக்கிய பாடத்திட்டம் லேர்ப்ளான் 21. 2014இல் வெளியிடப்பட்டது. அதில் 7ஆம் வகுப்பு முதல் 9ஆம் வகுப்பு வரை உள்ள பாடம்தான் “எதிக், ரெலிகியோனென், கெமைன்ஷாஃப்ட்”. அறம், சமயங்கள், கூடி வாழ்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரிச்சில் இதற்கு வேறு பெயர், “ரெலிகியோனென், கூல்டூரென், எதிக்” என்பார்கள். வாரத்தில் எத்தனை பாடவேளை என்பது கன்டோனுக்குக் கன்டோன் மாறும். பிரெஞ்சுப் பகுதிக்கு வேறு பாடத்திட்டம் இருக்கிறது. நான் எழுதுவது ஜெர்மன் பகுதிக்கு.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சமய பாடத்துக்கு மணி அடித்ததும் சைவப் பிள்ளைகள் ஒரு வகுப்பில் இருப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போவார்கள். ஆளாளுக்கு அவரவர் சமயம், சாதாரண தரப் பரீட்சையிலும் அதுவே கட்டாயப் பாடம். அங்கே அப்படிப் பிரிவதில்லை. சைவம், இஸ்லாம், கத்தோலிக்கம், ஒரு சமயமும் இல்லாத வீட்டுப் பிள்ளை என எல்லாரும் ஒரே மேசையில் இருந்து, எல்லாச் சமயங்களைப் பற்றியும் படிக்கிறார்கள். கும்பிடப் பழக்குவதும் இல்லை, நம்பச் சொல்வதும் இல்லை. பாதிப் பாடம் சமயமே அல்ல. நட்பு, சண்டை, பொய், நீதி, சாவு, காதல், ஆண் பெண் என்ற எதிர்பார்ப்புகள், நான் யார் என்ற கேள்வி, இவையெல்லாம் அதற்குள் வரும்.

ஆகவே, எடுக்கலாமா என்ற கேள்விக்கு நேரடிப் பதில்: இது மற்றப் பாடங்களைப் போலக் கட்டாயப் பாடம். எடுக்க முயல வேண்டாம் என்பதுதான் என் கருத்தும். சுவிஸ் அரசியலமைப்பின் 15ஆம் உறுப்புரை யாரையும் சமயப் போதனைக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. இந்தப் பாடம் நம்பச் சொல்லும் போதனை அல்ல என்பதால் அந்தத் தடைக்குள் வராது. தேவாலயங்கள் நடத்தும் சமய வகுப்பு வேறு, அது விருப்பத்துக்குரியது. சில இடங்களில் இரண்டும் ஒரே கட்டடத்தில் நடப்பதால்தான் குழப்பம் வருகிறது. கடிதம் வந்தால், அனுப்பியது பாடசாலையா தேவாலயமா என்று முதலில் பாருங்கள்.

தாண்டவன்வெளி, புளியந்தீவுப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இதில் தனியாக ஒரு விஷயம் இருக்கிறது. ஊரில் பள்ளிக்கூடமே ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தது. அங்கே முதல் நன்மைக்கும் உறுதிப்பூசுதலுக்கும் நீங்களே பங்கில் போய்ப் பதிய வேண்டும். வசிப்பிடம் பதியும்போது கத்தோலிக்கர் என்று எழுதினால், பெரும்பாலான கன்டோன்களில் தேவாலய வரியும் சேர்ந்து வரும். தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நம் பிள்ளைகளுக்குச் சமயம் நிறையத் தெரியும், ஆனால் அதை எடுத்துச் சொல்லிப் பழக்கமில்லை. ஒரு சந்திப்பில் வகுப்பாசிரியை சொன்னதைக் கேளுங்கள். வீட்டில் இருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பேசச் சொன்னாராம். படுவான்கரையில் இருந்து போன பையன் ஒருவன் திருநீற்றுச் சிமிழைக் கொண்டுபோயிருக்கிறான். அவன் பஞ்சபுராணத்தை ஒரு இடத்தில் தடக்காமல் ஓதக்கூடியவன். பக்கத்துப் பிள்ளை “இது எதில் செய்வது, ஏன் மூன்று கோடு?” என்று கேட்டதும் வாயடைத்துப் போய் நின்றுவிட்டான். மொழிப் பிரச்சினை என்று ஆசிரியை நினைத்திருக்கிறார். அதைத் தமிழில் கேட்டிருந்தாலும் அவனால் சொல்லியிருக்க முடியாது, ஏனென்றால் ஊரில் அவனை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை.

அவனுடைய அம்மா பக்கத்தில் இருந்தார். நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அவரே சொன்னார். பசுஞ்சாணத்தைச் சுட்டு எடுப்பது, கடைசியில் எல்லாரும் சாம்பல்தான் என்று நினைவில் இருக்கட்டும் என்று பூசுவது, மூன்று கோட்டுக்கு ஆணவம், கன்மம், மாயை என்று தன் தகப்பனார் சொன்னது, காய்ச்சல் வந்தால் அம்மம்மா நெற்றியில் பூசிவிட்டுப் பக்கத்திலேயே இருந்தது. ஆசிரியை பேனையை எடுத்து எழுதிக்கொண்டார். “இதைத்தான் வகுப்பில் கேட்க விரும்பினேன்” என்றார். பையன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அம்மாவுக்கு இவ்வளவு தெரியும் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இதைத்தான் எல்லாருக்கும் சொல்கிறேன். ஊரில் பள்ளிக்கூடமும் ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பும் செய்த வேலை இப்போது உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. வாரம் ஒருமுறை பிள்ளையிடம் அடுத்து வரும் தலைப்பு என்ன என்று கேளுங்கள். சாவு என்றால் நம் வீட்டில் எட்டுச் செலவுக்கும் முப்பத்தோராம் நாளுக்கும் என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று சாப்பிடும்போது பேசுங்கள். தமிழிலேயே பேசுங்கள். விளங்கியதை ஜெர்மனில் சொல்லப் பிள்ளை தானே வழி கண்டுபிடிக்கும், விளங்காததை எந்த மொழியிலும் சொல்ல முடியாது. உங்களுக்கே பதில் தெரியாவிட்டால் ஊருக்கு அழைத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். அம்மம்மாமாருக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

நம்மிடம் இருக்கும் சரக்கு சாதாரணமானது அல்ல. காரைதீவிலும் தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் கதவு திறந்து குளிர்த்தி பாடுகிறோம். அநியாயமாகக் கணவனைக் கொன்ற அரசனிடம் போய் நியாயம் கேட்ட ஒரு பெண்ணை நம் ஊர் தெய்வமாக வைத்திருக்கிறது. அவளுடைய கோபம் தணியட்டும் என்று ஊரே கூடிப் பாடுகிறது. அரசு பிழை செய்தால் தனி ஆள் என்ன செய்யலாம் என்பது அந்தப் பாடத்தில் வரக்கூடிய கேள்விதான். கொக்கட்டிச்சோலைத் தேரைப் பற்றியும் பாண்டிருப்புத் தீமிதிப்பைப் பற்றியும் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. ஆனால் தீமிதிப்பை வெறும் அதிசயமாகக் காட்ட வேண்டாம். நேர்த்தி என்றால் என்ன, அதற்கு முன் எத்தனை கட்டுப்பாடு இருக்கிறது என்று பிள்ளை சொல்லட்டும்.

பிள்ளை மதம் மாறிவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது. 1892இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் படித்தது கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்புச் சென் மைக்கல் கல்லூரியிலும். பிறகு இராமகிருஷ்ண மிஷன் துறவியானார். அடுத்தவர் சமயத்தைப் படித்தது அவருடைய சைவத்தை ஒன்றும் குறைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2019 ஏப்ரல் 21 மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதல் நம்மில் யாருக்கும் மறக்காது. இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்கு முன்னும் 1990இல் தமிழரும் முஸ்லிம்களும் பட்டது எல்லாம் நம் வீடுகளில் பேச்சாக இருக்கிறது. அந்த வகுப்பில் உங்கள் பிள்ளையோடு ஒரு துருக்கிப் பிள்ளையோ பொஸ்னியப் பிள்ளையோ சேர்ந்து வேலை செய்யும். வீட்டில் நாம் மொத்தமாக ஒரு சனத்தைப் பற்றிச் சொல்லும் வார்த்தை அங்கே அந்தப் பிள்ளையின் முகத்தில்தான் போய் விழும். நடந்ததை மறைக்க வேண்டியதில்லை, செய்தவர் யார் என்று சரியாகச் சொல்லுங்கள். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நமக்கு இருந்த சிநேகிதர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

பேர்ணில் இருப்பவர்கள் ஐரோப்பா சதுக்கத்தில் உள்ள சமயங்களின் இல்லத்துக்கு ஒருமுறை பிள்ளைகளோடு போய் வாருங்கள். 2014 டிசம்பரில் திறந்தது. ஒரே கூரையின் கீழ் நம் சைவக் கோயிலும் பள்ளிவாசலும் பௌத்த நிலையமும் தேவாலயமும் இருக்கின்றன. வகுப்பாகவும் கூட்டிப் போவார்கள். அதற்கு முன்பே நீங்கள் காட்டிவிட்டால் அன்றைக்கு உங்கள் பிள்ளை மற்றவர்களுக்கு வழிகாட்டும்.

சரி, வந்த கேள்விகளுக்கு வருகிறேன்.

16 வயதில் பிள்ளையே தன் சமயத்தைத் தீர்மானிக்கலாம் என்கிறார்களே, உண்மையா என்று கேட்ட, அக்கரைப்பற்றில் இருந்து போன தம்பிக்கு: ஓம், உண்மைதான். சுவிஸ் குடியியல் சட்டத்தின் 303ஆம் பிரிவின்படி 16 வயது வரைதான் பிள்ளையின் சமயத்தைப் பெற்றோர் தீர்மானிக்கலாம். அதன் பிறகு முடிவு பிள்ளையுடையது. இதை மிரட்டலாக எடுக்காதீர்கள். 13, 14 வயதில் பிள்ளை கேள்வி கேட்கும்போது “வாயை மூடு” என்றால், 16இல் உங்களிடம் கேட்க அதற்கு ஒன்றும் மிஞ்சாது.

பாலியல் பாடத்தைப் பற்றிக் கேட்ட வாழைச்சேனைத் தங்கச்சிக்கு: உடல் மாற்றம், பாலியல் பற்றிய பாடம் வரும், அதைத் தடுக்க வேண்டாம். ஊரில் பலருக்கு அந்த அத்தியாயத்தை “வீட்டில் வாசியுங்கள்” என்று கடத்திவிட்டார்கள், வீட்டில் யாரும் திறக்கவில்லை. எப்போது, என்ன சொல்லப் போகிறார்கள் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள், சொல்வார்கள். முதல் வார்த்தை உங்கள் வாயில் இருந்து வந்தால் நல்லது. சாமத்தியச் சடங்கு செய்வதாக இருந்தால் மண்டபம் பிடிக்க முன்னர் மகளிடம் கேளுங்கள். அவள் வகுப்பில் இதைப் பற்றிப் பேச வேண்டி வரலாம். விருப்பத்தோடு செய்த சடங்கைப் பெருமையாகச் சொல்வாள், திணித்ததை மறைப்பாள்.

நீச்சல் பற்றிக் கேட்டவருக்கு: சமயத்தைக் காட்டி விலக்குக் கேட்பது கடினம். மகள்மாரை ஆண் பிள்ளைகளோடு நீச்சலுக்கு அனுப்பாத பாசல் முஸ்லிம் பெற்றோருக்கு 1400 பிராங்க் தண்டம் போட்டார்கள். 2017இல் ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றமும் சுவிஸ் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

ஜெர்மன் வராதவர்களுக்கு: சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று வகுப்பாசிரியருக்கு முன்கூட்டியே அறிவியுங்கள், பல இடங்களில் பாடசாலையே ஒழுங்கு செய்யும். பிள்ளையை வைத்து மொழிபெயர்க்க வேண்டாம். தன்னைப் பற்றிய குறையைப் பிள்ளை எப்படி அம்மாவுக்குச் சொல்லும்?

தைப்பொங்கல், தீபாவளி லீவு: பேர்ண் கன்டோனில் வருடத்துக்கு ஐந்து அரைநாள் பெற்றோர் அறிவித்துவிட்டு எடுக்கலாம், சூரிச்சில் இரண்டு ஜோக்கர் நாட்கள், அதாவது காரணம் சொல்லாமல் எடுக்கும் லீவு நாட்கள். பெருநாளுக்கென்று தனியாகவும் எழுதிக் கேட்கலாம். கேட்கும்போது அது என்ன பெருநாள் என்று பிள்ளையைக் கொண்டே நாலு வரி எழுத வையுங்கள். பரீட்சை நாளா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.