சென்னையில அணுகுண்டு விழுந்தா எங்க ஊர்ல நாங்க என்ன செய்யணும்?

செய்யூர்க்காரன்:
2025 மே 7 அன்னைக்கு கல்பாக்கத்துலயும் சென்னைத் துறைமுகத்துலயும் போர்க்கால ஒத்திகை நடந்துச்சே, அதுலேர்ந்து எங்க டீக்கடையில இதே பேச்சு. ஊர்ல இருநூறு தலைக்கட்டு. பாதி ஓட்டு வீடு, கூரையும் உண்டு. நான் வார்டு மெம்பர், அதனால என்னைத்தான் புடிச்சுக் கேக்கறாங்க. சென்னை எங்களுக்கு 80 கிலோமீட்டருக்கு மேல. வெடிச்ச சூட்டுல நாங்க சாகப்போறதில்ல. அதுக்கப்புறம்? திண்டிவனம் பக்கம் ஓடறதா, கதவைச் சாத்திக்கிட்டு உக்காறதா? மாடு கன்னு என்ன கதி? "எல்லாரும் போய்ச் சேர வேண்டியதுதான்"னு சொல்றவங்க பதில் போட வேணாம்.

மாம்பலம் மைனர்:
யோசிக்காம ஓடுங்க அண்ணே. அயோடின் மாத்திரை கிடைக்கலன்னா அயோடின் உப்பைக் கரைச்சுக் குடிச்சிடுங்க.

டிஎல்டி பேட்ஜ்:
தம்பி மைனர், உப்புக் கதையை விடுங்க. பெரியவங்களுக்கான மாத்திரை 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு. நம்ம கடை உப்புல அந்த அளவு அயோடின் வேணும்னா ஆறேழு கிலோ தின்னணும். அந்த மாத்திரையும் தைராய்டை மட்டும்தான் காக்கும்.

மெம்பர், நான் அணுமின் நிலையத்துல கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவுல இருந்து ரிட்டயர் ஆனவன். உங்க ஊருக்கு ஆபத்து குண்டுல இல்ல, சாம்பல்ல. குண்டு தரையில வெடிச்சா மண்ணையும் சேர்த்து மேல இழுத்துக்கிட்டுப் போகும். அது காத்து அடிக்கற திசையில கதிர்வீச்சு உள்ள பொடியா இறங்கும். 1954 மார்ச் 1 அன்னைக்கு பசிபிக் கடல்ல பிகினி தீவுல அமெரிக்கா சோதனைக்கு வெடிச்ச குண்டு 15 மெகாடன், அதாவது ஒன்றரைக் கோடி டன் வெடிமருந்துக்குச் சமம். நூறு மைல் தள்ளி ரோங்கலாப் தீவுல சின்ன ஜனக்கூட்டம், ஓலை வீடு. சில மணி நேரத்துல வெள்ளைப் பொடி கொட்டுச்சு. பிள்ளைங்க அதுல விளையாடினாங்க. தண்ணித் தொட்டியில விழுந்ததைக் குடிச்சாங்க. ரெண்டு நாள் கழிச்சுத்தான் கப்பல் வந்து ஏத்திக்கிட்டுப் போச்சு. வாந்தி, தோல்ல புண்ணு, முடி கொட்டுச்சு. பல பிள்ளைங்களுக்குப் பின்னால தைராய்டு கட்டி. அவங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கல, அதான் எனக்கு இன்னைக்கும் வயித்தெரிச்சல்.

ஓடாதீங்க. பொடி விழற நேரத்துல ரோட்டுல மாட்டிக்கிட்டா அதைவிட மோசம் இல்ல. கணக்கு இதுதான்: வெடிச்சு ஒரு மணி நேரத்துல இருக்கற கதிர்வீச்சு வீரியம் 7 மணி நேரத்துல பத்துல ஒண்ணு ஆகும், 49 மணி நேரத்துல நூத்துல ஒண்ணு, ரெண்டு வாரத்துல ஆயிரத்துல ஒண்ணு. அதனால முதல் ரெண்டு நாள்தான் உயிர். தளம் போட்ட வீட்டுல, நடு அறையில, ஜன்னலை விட்டுத் தள்ளி இருங்க. மாடி வீடுன்னா கீழ்த்தளம். வெளியே போய் வந்தவங்க துணியை வாசல்லயே கழட்டிடணும், பாதிக்கு மேல தூசி அதோட போயிடும். அப்புறம் சோப்பு போட்டுக் குளியல்.

செய்யூர்க்காரன்:
ஐயா, ஓட்டு வீட்டுக்காரங்க எங்க போவாங்க? தளம் போட்டது பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும்தான். பள்ளிக்கூடச் சாவி ஹெட்மாஸ்டர்கிட்ட, அவர் மதுராந்தகத்துலேர்ந்து வந்து போறவர்.

டிஎல்டி பேட்ஜ்:
அப்போ முதல் வேலை இன்னொரு சாவி. புயலுக்கும் ஆகும்னு சொல்லிக் கேளுங்க, கொடுப்பாங்க. கரண்ட் இருக்காது, மோட்டாரை நம்பாதீங்க. அடிபம்பு ரிப்பேர்ல கிடந்தா இப்பவே சரி பண்ணுங்க. ஆழத்துத் தண்ணிக்கு உடனே ஒண்ணும் ஆகாது, திறந்த கிணத்தையும் குளத்தையும் தொடாதீங்க. மாட்டைக் கொட்டாய்க்குள்ள கட்டுங்க. வைக்கப்போரைத் தார்ப்பாய் போட்டு மூடினா உள்பக்கத்து வைக்கோலைப் போடலாம். மேய்ச்சலுக்கு விட்ட மாட்டுப்பாலைக் குழந்தைங்களுக்குக் கொடுக்கவே கூடாது. புல்லுல படிஞ்ச அயோடின்-131ங்கற கதிர்வீச்சு அயோடின் நேரா பாலுக்கு வரும், அது பாதியா குறையவே 8 நாள் ஆகும். ஒரு ரெண்டு மாசம் பால் பவுடர்தான்.

வடக்குப்பட்டு செல்வி:
கைக்குழந்தை வீடு எத்தனை, பவுடர் எவ்வளவு வேணும்னு அங்கன்வாடி ரிஜிஸ்டர்ல பாருங்க மெம்பர். நான் ஒர்க்கரா இருக்கேன், எங்க ஊருக்கு எடுத்துட்டேன். கர்ப்பிணிங்களையும் அதே லிஸ்ட்ல சேருங்க. நடு அறை முதல்ல அவங்களுக்கு.